தொட்டுக்க

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனைக் கூடம்.
ராத்திரி ஒன்றே கால்.
பேராச்சியின் வெள்ளணுக்களை
மூன்று தடவை உப்புநீரில் அலசி
நிமோனியாக் கிருமிகளோடு விட்டிருக்கிறேன்.

ஏழு வயதுக்குள் நாலாவது காய்ச்சல்.
கங்கைகொண்டானிலிருந்து பஸ் மாறி வந்த குருவம்மா
ஒன்றுதான் கேட்டாள்:
"இவ ஒடம்புல சண்ட போடுத ஆளே இல்லியா மேடம்?"

இருக்கிறார்கள் குருவம்மா.
எண்ணிவிட்டேன், வேண்டிய மட்டும் இருக்கிறார்கள்.
லீஷ்மன் சாயத்தில் ஊதாவாக,
இலை போட்ட பின்னும்
கை நனைக்காத சம்பந்தக்காரர்கள் மாதிரி
கிருமிக்குப் பக்கத்திலேயே
சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிருமியின் தோல் வழுக்கும்.
வெறுஞ்சோறு இறங்குமா?
தொட்டுக்க வேணும்லா.

அது அணுவுக்குள் இல்லை.
குழாயின் மேலே தெளிந்து நிற்கிற
வைக்கோல் நிறத்துச் சீரத்தில் இருக்கிறது,
ஈரல் செய்து அனுப்பும் ஒரு புரதம்.
கிருமியைக் கண்டால் உடைந்து
காணத்துவையலாய் அப்பிக்கொள்ளும்.
அதன் ருசி பட்ட பிறகுதான்
அணு வாயைத் திறக்கும்.

எனக்குச் சந்தேகம் வந்தது.
ரப்பர் குழாயைப் பல்லால் இழுத்துக் கட்டி
என் இடது கையிலிருந்தே ஐந்து மில்லி எடுத்தேன்.

அவள் அணு, என் சீரம்:
ஒன்றில் ஒன்பது கிருமி, அடுத்ததில் பதினொன்று,
ஒன்று தின்று தின்று உருவமே கெட்டுக் கிடந்தது.

என் அணு, அவள் சீரம்:
முப்பத்தெட்டு வருஷமாய் என்னைக் காத்த வீரர்கள்
அப்படியே, பட்டினி.
கொஞ்ச நேரம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

என் சீரத்தையே ஐம்பத்தாறு டிகிரியில்
அரைமணி நேரம் சுடவைத்தும் பார்த்தேன்.
பந்தியில் மறுபடி பேச்சுமூச்சில்லை.

டிபன் பாக்ஸில் தயிர்சோறு. ஊறுகாய் எடுக்க மறந்த நாள்.
பாதியை மூடி வைத்துவிட்டேன்.

ரிப்போர்ட்டில் 'சி3 மிகக் குறைவு' என்று எழுதினேன்.
அது டாக்டருக்கு.
விடியற்காலம் வராண்டாவில்
குருவம்மாவை எழுப்பி வேறு மாதிரி சொன்னேன்:
ஆள் இருக்கு, தொட்டுக்கதான் இல்ல.
என் சீரத்தை ஊத்தினாலும் நாலு நாள் தாங்காது.

கொண்டையை முடிந்தபடி யோசித்தாள்.
"வெறுஞ்சோறுன்னா நான் பெசஞ்சு ஊட்டிருவேன்.
அதுகளுக்கு யாரு ஊட்டுவா?"

தடுப்பூசி இருக்கு, மருந்து இருக்கு,
காய்ச்சல் கண்ட அன்னிக்கே வந்திரணும் என்றேன்.
கேட்டதற்கு அது பதில் இல்லை.
அவளுக்கும் தெரிந்திருந்தது.
முதல் பஸ் ஹாரன் அடித்தது.