தலைக்கு

சேகோ ஆலைக்குக் காவல் வேண்டுமென்று
மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டேன்.
ஒருவர் பதினைந்தாயிரம் சொன்னார்,
இன்னொருவர் பதினாலுக்கே இறங்கி வந்தார்.
வஜ்ரவேல் மட்டும்
"தலைக்குப் பதினெட்டு மேடம், ஜிஎஸ்டி தனி" என்றுவிட்டு
டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.
மாவு பிடிக்காத கிழங்குதான் விலை இறங்கி வரும் என்பது
லோடு லோடாக வாங்கிப் பழகிய புத்தி.
கையெழுத்துப் போட்டேன்.

பகலுக்கு ஒரு தலை, இரவுக்கு ஒரு தலை.
நீலச் சட்டை, விசில், டார்ச்,
உடையாப்பட்டியில் நாய்கூடப் பயப்படாத ஒரு லத்தி.

ஒப்பந்தம் பதினோரு பக்கம்.
காவலர் தூங்கினால் அபராதம் என்று
நாலாம் பக்கத்தில் இருந்தது.
காவலர் எப்போது தூங்குவார் என்பது
எந்தப் பக்கத்திலும் இல்லை.
நானும் தேடவில்லை.

பகல் ஆள் தீர்த்தகிரி,
இரவு ஆள் அங்கமுத்து என்றது பதிவேடு.
மணிக்கொரு வரி.
பத்து மணி, ஆல் ஓகே.
பதினொன்று, ஆல் ஓகே.
மூன்று மணி, மழை, ஆல் ஓகே.
நாலு மாதம் அதைப் புரட்டாமலே இனிஷியல் போட்டேன்.
ஐந்தாம் மாதம் ஆடிட்டர் வரப்போகிறார் என்று
உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது
ஓகேயின் கே, கொக்கி மாதிரி கீழே வளைகிறது.
பகலிலும் அதே கொக்கி.
இரவிலும்.

கார்த்திகைக் குளிரில் இரண்டேகால் மணிக்குப் போனேன்.
வண்டியைக் கிழங்கு மேடைக்கு அந்தப்பக்கமே நிறுத்திவிட்டு
திப்பி புளித்த வாடைக்குள் நடந்தேன்.
தூரத்தில் ஏற்காட்டு மலையில்
ஏதோ ஒரு லாரியின் விளக்கு
கொண்டை ஊசி வளைவில் திரும்பி அணைந்தது.

தூங்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன்.
தூங்கவில்லை.
தலையில் ஈரத்துண்டு,
உட்கார்ந்தால் சாய்ந்துவிடுவோமென்று
நாற்காலியை மதில்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு
நின்றுகொண்டிருந்தான்.

"அங்கமுத்து எங்கே?"
"நான்தாங்க."
"அப்போ தீர்த்தகிரி?"
"அதும் நான்தாங்க."

அங்கமுத்து ஆடியில் பொம்மிடிக்குப் போனவன்.
"ஆளு வரலைங்க, பேரை மட்டும் விட்டுட்டுப் போயிட்டான்."
இரண்டு பேருக்குமாகக் கையில் பதிமூன்று.
பிஎஃப் பிடிக்கிறார்களாம்,
நம்பர் தெரியாது.
நான் கட்டுவது முப்பத்தாறு.
அந்தக் கணக்கை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன்,
பிறகு சொல்லவில்லை.

இதையும் சொல்லவேண்டும்:
அந்த மாதங்களில் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை.

காலையில் வஜ்ரவேலைக் கூப்பிட்டுக் கிழித்தேன்.
சம்பளச் சீட்டு வேண்டும், பிஎஃப் சலான் வேண்டும்,
கைரேகை மெஷின் வேண்டும்,
ஒன்பதாம் பக்கத்தின்படி
நாளைக்குக் கோர்ட்டில் நிற்கப்போவது நான்தானே என்றேன்.
நியாயமான கோபம்.
எனக்கே பிடித்திருந்தது.
"இன்னைக்கே ஆக்‌ஷன் எடுக்கறேன் மேடம்."

எடுத்துவிட்டார்.
சாயங்காலம் கேட்டில் இரண்டு புது ஆட்கள்.
கூடுதலாக வாங்கிய பணத்துக்குக் கிரெடிட் நோட்,
மன்னிப்புக் கடிதம்,
சூப்பர்வைசர் சுகவனம் கையோடு கொண்டுவந்த
ஒரு கிலோ மைசூர்பாகு.

தீர்த்தகிரி?
"அவன் இனி எந்த சைட்டுக்கும் வரமாட்டான் மேடம்,
நீங்க கவலையே படவேண்டாம்."
பதிவேட்டில் அவனுக்கென்றிருந்த நம்பரை அழைத்தேன்.
எதிரில் நின்ற சுகவனத்தின் பாக்கெட் அடித்தது.

இப்போது பதினைந்தாம் தேதிக்குள் சலான் வந்துவிடுகிறது.
பேர்பேராக டிக் அடிக்கிறேன்.
வாரம் ஒருமுறை, சொல்லாமல், இரவில் போகிறேன்.
புதியவன் சல்யூட் அடிக்கிறான்,
தோளில் கொஞ்சம் பெரிய சட்டை.
"உன் பேர் என்ன?" என்றால்
பதில் சொல்லுமுன்
ஒரு நொடி குனிந்து
நெஞ்சில் குத்தியிருக்கும் வில்லையைப் பார்க்கிறான்.