எந்தக் கணக்கில்

மனிடோபாவில் பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம்
ஃபிளாஸ்க் மூடியில் காபியோடு நான்.
அந்தப் பக்கம், வலைக்கு முன்னால்,
தன் இடுப்புவரை வரும் கால்காப்புகளில் எல்ஸ்பெத்,
பதினொரு வயது,
ஹெல்மெட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தபடி.
ஜெபம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.
கேட்டதற்குச் சொன்னாள்:
பதினேழாம் வாய்ப்பாடு.

மூன்றுக்கு இரண்டு, எங்கள் பக்கம்.
நாற்பது நொடி மிச்சம்.
கிளென்ஹார்ட் அணியில் பல்லுக்குக் கம்பி போட்ட பையன்
அடித்த வட்டு
அவள் முழங்காலில் பட்டு, பின்னால் நழுவி,
சிவப்புக் கோட்டைத் தாண்டி
ஒரு விரற்கடை உள்ளே போனது.
கையுறை அதை வெளியே இழுத்தது.
நடுவரோ விழுந்து கிடந்தவன் மேல் இடறாமலிருக்க
குதித்துக்கொண்டிருந்தார்.
யாரும் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டுக் கைதட்டினேன்,
உள்ளங்கை எரியும் அளவுக்கு.

ஆட்டநாயகி அவள்தான்.
வெள்ளி மையில் தேதி எழுதி
அந்த வட்டையே பரிசாகக் கொடுத்தார்கள்.
வீடு வரை எழுபது கிலோமீட்டர்.
வில்மர் ஓட்டினார்; சின்னவன் கோர்னி
பின்சீட்டில் வர்ணனை செய்துகொண்டே தூங்கிப்போனான்.
அவள் மடியில் வட்டு.
வழியில் அதை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

இரவு, நிலவறையில்,
ஹீட்டருக்குப் பக்கத்தில்
காப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.
நனைந்த நாயின் வாடை.
படியில் பாதி இறங்கி நின்று கேட்டாள்:
"அம்மா, நீ எங்கே நின்றிருந்தாய்?"
"கண்ணாடிக்குப் பக்கத்தில்."
"எந்தக் கண்ணாடி?"
"வலைக்குப் பின்னால் இருக்கிறதே, அது."
தலையாட்டினாள்.
மேலே எதுவும் கேட்காமல்
மேலே போய்விட்டாள்.

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு
'பொய் சொல்லாதே' என்று
கம்பளித் துணியில் எழுத்து வெட்டி ஒட்டிக்கொடுப்பவள் நான்.
ஒன்பது வருஷமாக.
கத்தரிக்கோல்கூட என்னுடையது.

காலையில் ஆலயம்.
இரண்டாம் பாட்டு முடியும்போது காணிக்கைத் தட்டு வந்தது.
மரத் தட்டு, அடியில் பச்சை வெல்வெட்.
வில்மர் உறை வைத்தார்.
கோர்னி நாணயத்தை முத்தமிட்டுப் போட்டான்.
எல்ஸ்பெத் கோட்டுப் பைக்குள் கைவிட்டு
வட்டை எடுத்து வைத்தாள்.

தொம் என்று ஒரு சத்தம்.
ஆர்கன் வாசித்த பெண் ஒரு கட்டை தவறினாள்.
பின்வரிசைக்குப் போனது தட்டு.
எதிர்பாராத பாரத்தில் ஒவ்வொரு கையும் கொஞ்சம் தாழ்ந்தது,
கொஞ்சம் நின்றது,
பிறகு பக்கத்துக் கைக்குக் கொடுத்தது.
யாரும் அதை எடுத்து எறியவில்லை.
யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை;
பார்த்திருந்தால் நன்றாயிருக்கும்.

ஆராதனை முடிந்து காபி வேளை.
பொருளாளர் ஏப் தீசன்
ஒரு கையில் பேரேடு, மறு கையில் வட்டு.
"மார்லிஸ், இதை எந்தக் கணக்கில் எழுத?
பொது நிதியா, கூரை நிதியா?"
வில்மர் சிரித்தார். கோர்னி காரணம் தெரியாமல் சிரித்தான்.
எல்ஸ்பெத் என்னைப் பார்த்தாள்.
"பாக்கி என்று எழுதுங்கள்," என்றேன்,
"இரண்டு பேர் பெயரில்."
அவர் உண்மையிலேயே எழுதிவிட்டார்.

இன்று புதன்.
கிளென்ஹார்ட் பயிற்சியாளரின் எண்
ஞாயிறு மதியத்திலிருந்து ஃபிரிட்ஜ் கதவில்,
வாத்துக் காந்தத்துக்கு அடியில்.
திங்கள் துணி துவைத்தேன்.
செவ்வாய் வேறெதையோ துவைத்தேன்.

இப்போது எண்ணை அழுத்திவிட்டேன்.
அந்தப் பக்கம் மணி அடிக்கிறது.
இந்தப் பக்கம், என் முழங்கைக்குப் பக்கத்தில்,
ஹெல்மெட் இல்லாத முணுமுணுப்பு:
ஆறு பதினேழு நூற்றிரண்டு,
ஏழு பதினேழு