எட்டுத் துளைகள்

ஏழு தாள் மரம்.
ஐந்து சலிக்னா, நடுவில் இரண்டு மேப்பிள்,
ஒவ்வொன்றும் அப்பளக் கனம்.
பசை தடவி அடுக்கி
இரண்டு கான்கிரீட் அச்சுகளுக்கு நடுவே வைத்து
என் கொரோலாவின் ஜாக்கியால் நெரித்துவிட்டேன்.
இனி இருபத்துநாலு மணி நேரத்துக்கு
எனக்கு டயர் வெடிக்கக் கூடாது.

பகலில் நான்
மோதிய கார்களின் தகரம் தட்டுகிறவன்.
சாட்ஸ்வொர்த்தில் இறக்கங்கள் இருக்கும்வரை
வேலைக்குக் குறைவில்லை.
மிச்சப் பெயிண்டைக் கொட்டச் சொல்வார் முதலாளி.
ஜாம் பாட்டில்களில் ஊற்றி
பெயர் எழுதி வைத்துக்கொள்வேன்:
திருமதி மூட்லியின் கிரசிடா, மெரூன்.
பள்ளி வேன், மஞ்சள்.
நெடுஞ்சாலையில் உருண்ட டாக்ஸி, வெள்ளை.
அதில் யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள்.
சீட்டுக்கடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

மறுநாள் இரவு எட்டு மணிக்குப் பலகையை அறுத்தேன்.
லோட்ஷெடிங்.
மூக்கின் வளைவில் பாதியில் செத்தது ரம்பம்.
மீதியைப் போன் வெளிச்சத்தில்
அரத்தால் ராவி முடித்தேன்.
அதனால் இதற்கு
இடக் கன்னம் சற்று உப்பல்,
பல்வலிக்காரனைப் போல.

வயிற்றுப் பக்கம் ஒரு மைனா.
எங்கள் தெருக் குப்பைப் பைகளைக் கிழிக்கிற அதே மைனா.
உடம்புக்குக் கிரசிடா.
கண்ணோரத்துக்குப் பள்ளி வேன்.
சிறகின் வெள்ளைக்குப் பாட்டிலைத் திறந்தேன்,
மூடினேன்,
ஒரு டீ குடித்துவிட்டு வந்து
மறுபடி திறந்தேன்.

மார்னிங்சைடிலிருந்து ஒருவர் வந்தார்.
சுவரில் மாட்ட வேண்டுமாம்.
மைனாவைத் தொடாமலே தடவினார் காற்றில்.
அவர் சொன்ன விலை என் அரைமாதச் சம்பளம்.
சக்கரம் வேண்டாம் என்றவர்
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
“இந்த எட்டுத் துளையையும்
அடைத்துத் தர முடியுமா?” என்றார்.

முடியும்.
பட்டி பூசித் தேய்த்து
நடந்தது நடக்கவே இல்லை என்று ஆக்குவதுதானே
நாளெல்லாம் என் பிழைப்பு.
முடியாது என்றேன்.
ஏன் என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.
நல்லவேளை, கேட்கவில்லை.

பாதிப் பணம் கொடுத்து எடுத்துப்போனவள் நொக்வாஸி.
முழங்கையில் பழைய பொருக்கின்மேல் புதுப் பொருக்கு.
ஏறி நின்று இரண்டு தரம் எம்பினாள்.
“இது என்ன வீங்கியிருக்கு?”
“கரண்ட் போயிடுச்சு.”
ஷூ நுனியால் அந்த வீக்கத்தைத் தேடிப் பிடித்து,
“நல்லதுதான்.
குனிஞ்சு பார்க்காமலே தெரியும்
முன்பக்கம் எதுன்னு.”
மைனாவைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் பேரிங் மாற்ற வந்தாள்.
கவிழ்த்தேன்.
ஒற்றைக் கால் மட்டும், நகத்தோடு.
மற்றதெல்லாம் உரிந்த மரம்,
நீள நீளமாய்க் கீறல்.
“எங்கே போச்சு?”
தாடையால் காட்டினாள், நூலகம் இருக்கும் திசையில்.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
கைப்பிடிக் குழாயில் மெரூன்.
நடைபாதை விளிம்பில் இரண்டு முழத்துக்கு
டாக்ஸியின் வெள்ளை.
மூன்றாம் படியின் முனையில் மஞ்சள் தொடங்கியது.
மீதி மஞ்சளின்மேல் உட்கார்ந்து ஒருவர்
குடைந்த ரொட்டியில் பீன்ஸ் கறி
தின்றுகொண்டிருந்தார்.
கொஞ்சம் நகருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பசி என்று நினைத்துவிட்டார் போல.
ரொட்டியின் மூடியைப் பிய்த்து
கறியில் ஒரு முக்கு முக்கி நீட்டினார்.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
காரம் ஜாஸ்தி.