ஒன்றுக்குத்தான் காசு

புதுப்பேட்டையில் மழை விட்ட மதியம்.
தூக்கி நிறுத்திய என் பழைய ஜிப்ஸி
நாலு காலையும் தொங்கவிட்டிருக்கிறது.
"முன்னாடியா, பின்னாடியா?"
ஸ்பானரால் முதுகு சொறிந்தபடி கேட்கிறார் ஜக்கரியா பாய்.
லாக்கர் ஒன்றுக்குத்தான் காசு.

போன ஞாயிறு ஒரகடம் தாண்டி
ஏரிக்கரை ஏறுகையில்
ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் வெறிகொண்டு சுற்றியது.
மண்ணைப் பிடித்திருந்த மற்றது அசையவில்லை.
டிஃபரென்ஷியலின் நியாயம் அது:
எது சும்மா சுற்றுகிறதோ
அதற்கே எல்லாம்.
எங்கள் ஆபீசிலும் அப்படித்தான்.

பின்னால் போட்டால்
ஏற்றத்தில் எடை சாயும் இடத்தில் உந்தல்,
ஸ்டியரிங்கும் கைக்கு அடங்கும்.
பக்கச் சரிவில் மட்டும் வால் நழுவும்.
முன்னால் போட்டால்
பாறையைத் தொற்றி வண்டியை இழுத்துப்போகும்.
திரும்பு என்றால் திரும்பாது,
சேர்த்துப் பூட்டிய இரண்டுக்கும்
நேர்ப்பார்வை.

"நீங்க எங்க மாட்டுவீங்க மேடம், அத சொல்லுங்க."
ஏறும்போதுதான், எப்போதும்.
இறக்கங்களில் மாட்டியதில்லை;
பயந்து வேறு வழி போயிருக்கிறேன்.
"பின்னாடி" என்றேன்.
அட்வான்சை எண்ணாமல் பையில் போட்டு
டீ சொன்னார், இரண்டு.

திரும்புகையில் ஆட்டோ.
கூவம் பாலத்துக்குச் சற்று முன்
சாலை தோண்டிய பள்ளத்தில்
இடது பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தது.
வலது சும்மா நின்றது.
டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்:
"அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்கம்மா."

தள்ளி உட்கார்ந்தேன்.
ஏறிவிட்டது.