எட்டாம் நம்பர் ரவை

வேலந்தாவளம் கள்ளுக்கடை அடுப்படியில்
ரவை என்றால் எனக்கு உப்புமா.
அசனார் ராவுத்தருக்கு ஈயம்.
இரண்டும் ஒரே சட்டியில் என்றான அன்று
லாரிக்காரர் குஞ்ஞப்பனின் கடைவாய்ப்பல்
பாதியாய் என் தட்டில் கிடந்தது.

ஏற்கெனவே சொத்தைதான். ஆனாலும் பல்.

பக்கத்தில் கிடந்த காடை நெஞ்சைப்
பிய்த்துப் பார்த்தேன்.
உள்ளங்கை அகலப் பறவைக்குள் பதினோரு மணி.
பித்தம் உடைந்து
எத்தனை மிளகு போட்டும் கசந்தது.

"உங்க பன்னிரண்டு போர்
பன்னிக்கு ஆகும், காடைக்கு ஆகாதுங்க."
"துப்பாக்கி மேல தப்பில்ல, மாசாணி.
வாய் இறுக்கம். சோக்கு."
ராவுத்தர் தையல்காரர்,
எதையும் சட்டைக் கழுத்தாகத்தான் சொல்வார்:
குழல் நெடுக ஒரே அளவு,
வாய்க்கிட்ட மட்டும் ஒரு நூல் பிடித்திருக்கும்.
பிடித்தால் ரவை கூட்டமாகத் தூரம் போகும்,
தளர்த்தினால் சீக்கிரமே விரியும்.

"எத்தனை கெஜத்தில சுடறீங்க?"
"காலடியிலதான் எழும்பும். இருபது. இருபத்தஞ்சு."
"அப்புறம் எதுக்கு அந்த இறுக்கம்?"
பதிலுக்கு ஒரு பீடி பற்றவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு துப்பாக்கியோடு வந்தார்.
ஒன்று அவருடையது.
இன்னொன்று, கொழிஞ்சாம்பாறை மன்னாடியார்
கடனுக்கு விற்கவிருந்த இருபது போர்.
எண் பெருத்தால் வாய் சிறுக்குமாம்.
கணக்கு வகுத்த துரை
அன்றைக்கு என் கடையில் குடித்திருப்பான்.
கல்லாவிலிருந்து ஒரு நயா பைசா எடுத்துப் போட்டேன்:
பன்னிரண்டுக்குள் கடகடவென்று உருண்டது,
இருபதின் வாயில் மூடிபோல் உட்கார்ந்தது.

இதைவிடச் சின்னது
பாலக்காட்டில் இருக்கிறதாம், நானூற்றுப் பத்து.
அதில் ரவை ஒரு சிட்டிகை.
ஒரு ரவை தைத்துத் தப்பும் காடை
கடலைக்காட்டுக்குள் மூன்று நாள் சாகும்.
அது வேண்டாம் என்றார்.
அந்தச் சொல்லுக்காக அவருக்கு ஒரு டீ.

சாக்குப்படுதாவில் பழைய பேப்பர் குத்தி
இருபத்தைந்து கெஜம் அளந்தார், தையல் நாடாவால்,
குனிந்து குனிந்து.
முதலில் பன்னிரண்டு.
நடுவில் அரிசி விலைச் செய்தியே காணாமல் போனது,
ஓரங்களில் சினிமா விளம்பரம் அப்படியே சிரித்தது.
பிறகு இருபது, வாய் தளர்ந்த குழல்,
ரவை அதே எட்டாம் நம்பர்.
தாள் முழுக்க அம்மை போட்டது போல.

காடை என் உள்ளங்கை அளவு.
கையைத் தாளில் வைத்து அடியில் எண்ணினேன்:
மூன்று. நகர்த்தி வைத்தேன், நான்கு.
மறுபடி மூன்று.
மூன்றை நான் ஊசியால் எடுத்துவிடுவேன்.
கீழ்மூலையில் ஓரிடத்தில்
கைக்கடியில் ஒன்றுமே இல்லை.
"இங்க பறக்கறது?"
"அது வீட்டுக்குப் போகும்" என்றார் ராவுத்தர்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

மன்னாடியார் நூற்றெண்பது கேட்டார்,
லைசென்சில் எண் மாற்ற
தாலுகா ஆபீசில் நான்கு நாள்.
செக்போஸ்டில் அரிசி மூட்டையை மடக்குவார்கள்,
முந்தானை வரைக்கும் தடவுவார்கள்.
காடை மட்டும் ஓடையைத் தாண்டி மதராஸ் பக்கம் போய்
அங்கே உட்கார்ந்து கூவும்.
துப்பாக்கிக்கு இந்தக் கரையோடு சரி.

இப்போது வாரத்துக்கு ஏழெட்டு குறைவாக வருகிறது.
விலையை இரண்டணா ஏற்றினேன்.
நயா பைசா வந்து எத்தனை வருஷமானாலும்
கள்ளுக்கடையில் அணாதான்.
கறி கசக்கவில்லை.
ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து,
நீலம் பாரித்த இடத்தில் ஊசியை விட்டு,
வருகிற மணிகளை டின்னில் போடுகிறேன்.
மீன்காரன் வலைக்குக் கேட்டிருக்கிறான்.

குஞ்ஞப்பன் நேற்று வந்தார்.
ஒரு பக்கமாகவே மென்றார், மெதுவாக,
நாக்கால் ஒவ்வொரு வாயையும் சோதித்துக்கொண்டு.
அடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.
பாதித் தட்டு. முக்கால் தட்டு.

டிங்.

யாரும் பேசவில்லை.
அவர் என்னைப் பார்த்தார்,
நான் அவித்த முட்டை இரண்டை உரித்து
உப்பு தூவிக் கொண்டுபோய் வைத்தேன்.
முட்டையை எவனும் சுடுவதில்லை.