எட்டாம் பாகத்தில் ஒரு கதவு

ஒரே காட்சிதான். எட்டாம் பாகம், கடைசி நான்கு நிமிடம்.
கலத்துக்கு வெளியே கயிற்றில் தொங்குகிறாள் இன்ஜினியர்.
உள்ளே, பொத்தான்மேல் விரலை வைத்தபடி கேப்டன்.
அவள் ஏதோ சொல்கிறாள்.
அவன் அமுக்குகிறான்.
கதவு மூடுகிறது. பெயர்கள் ஓடுகின்றன.

இரவு இரண்டே முக்காலுக்கு
காவேரிப்பட்டணம் ரோட்டு மாங்கூழ் ஃபேக்டரியில்
டீ குடிக்கத் தரும் பதினைந்து நிமிடமும்
அந்த நான்கு நிமிடத்துக்கே போய்விடுகிறது.
எத்தனை சோப்பு போட்டாலும் விரலிடுக்கில் பெங்களூரா வாசம்.
டம்ளர் விளிம்பில் உட்காரும் ஈக்களுக்கு மட்டும்
விண்வெளி பற்றி அபிப்பிராயம் இல்லை.

"அவதானே சாத்தச் சொன்னா" என்றேன்.
கதவைச் சாத்திடுங்க கேப்டன்.
என் காதால் கேட்டது, பர்கூர் பஸ்ஸில், இரண்டு தடவை.

நாகவேணிக்கு மூக்கு விடைத்தது.
வேப்பனப்பள்ளிக்காரி. வீட்டிலும் தெலுங்கு, தொடரும் தெலுங்கு.
"யாருடி சாத்தச் சொன்னது?
தலுபு தீயண்டி, தலுபு தீயண்டின்னு கதறுறா.
திறக்கச் சொல்லிக் கெஞ்சுறாடி.
உன் கேப்டன் கொலைகாரன்."

தளியிலிருந்து சீசனுக்கு வந்த சித்தலிங்கு
பன்னை நனைத்துக்கொண்டே சொன்னார்:
"கதவைப் பத்தி அவ பேசவே இல்லியே."
கன்னடத்தில் அவள் சொன்னது
நன்ன மகளிகெ ஹேளி.
என் மகளிடம் சொல்லுங்கள்.
என்ன சொல்ல வேண்டுமாம்? அதற்குள்தான் மூடிவிட்டானே.

"அவளுக்கு ஏது மக?"
"மூணாம் பாகத்துல போட்டோ வரும் பாரு."
"அது தங்கச்சி."
"எங்களுக்கு மக."

ஒரு கயிறு, ஒரு பெண், மூன்று சாவு.
தமிழில் தியாகம். தெலுங்கில் கொலை.
கன்னடத்தில் பாதியில் நின்ற ஒரு சேதி.

பழையபேட்டை தௌலத்தைத்தான் கேட்க வேண்டும் என்றாயிற்று.
அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.
உதட்டைப் பார்த்தே சூப்பர்வைசர் முணுமுணுக்கும் வசவைக்கூட
எங்களுக்குக் கையால் சொல்லிவிடுவான்.
போனை நீட்டினோம். மூன்று முறை ஓட்டிப் பார்த்தான்.
பிறகு தன் முகத்துக்கு முன்னால்
உள்ளங்கையை விரித்துப் பிடித்தான்:
கண்ணாடி.
அவள் தலைக்கவசம் முழுக்கக் கண்ணாடி.
அதில் தெரிவது கலத்தின் கதவு மட்டும்.
வாயே தெரியவில்லை. யார் வேண்டுமானாலும்
எதை வேண்டுமானாலும் பேசலாம் அந்த வாயில்.

"அந்தக் கை?" நாகவேணி விடவில்லை.
இன்ஜினியர் மார்பில் மூன்று தட்டு தட்டுகிறாளே,
அது உன் பாஷைதானே?
தௌலத் உதட்டைப் பிதுக்கினான்.
அவன் கைக்கு அந்தக் கையைத் தெரியாதாம்.
"ஏன், தட்டுனா அரிக்கவும் அரிக்கலாம்" என்று சைகை காட்ட
சித்தலிங்குக்குப் புரையேறியது.

ஒரு கூடை செந்தூரா பந்தயம்.
வெள்ளிக்கிழமை ஒன்பதாம் பாகம்.
கேப்டன் தூங்காமல் கிடக்கிறான்.
அவள் குரல் திரும்ப வருகிறது.
தமிழில், நேரமாச்சு கேப்டன்.
பேச வந்தவர்களுக்கே போன வாரம் பேசியது மறந்திருக்கிறது.
தெலுங்கில் வெறும் மூச்சு.
கன்னடத்தில் இன்னும் ஏற்றவில்லை, நெட் சரியில்லை என்கிறார்.
ஜெயித்தவர் இல்லாததால்
கூடையை நாலு பேருமாகத் தின்று தீர்த்தோம்,
மாம்பழத்திலேயே புழங்கிக்கொண்டு
மாம்பழத்தையே காசு கொடுத்து வாங்கி.

ஆடி பிறந்ததும் லாரிகள் குறைந்துவிட்டன.
பத்தாம் பாகத்தை அவரவர் ஊரில் பார்ப்போம்.

நேற்று கூழின் இனிப்பை அளந்துவிட்டுத் திரும்புகிறேன்.
குளிர்அறைக் கதவின் சிறு கண்ணாடிக்குப் பின்னால்
நாகவேணி, குல்லாவும் முகமூடியுமாய்,
எதையோ சொல்லிக் கையாட்டுகிறாள்.
சாத்தவா, திறக்கவா?
கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.
மார்பில் மூன்று தட்டு தட்டினாள், சனியன்.
உள்ளே சிரிக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.