இரண்டு முள்

வண்டியில் காற்று பார்க்க ஒரு மீட்டர்,
அதில் இரண்டு முள்.
குறைந்தால் பஸ்ஸர் அலறும்.
ஆரப்பாளையத்தில் முள் ஏறும்வரை
ஆக்ஸிலேட்டரை மிதித்திருப்பேன்,
காசிமாயன் வத்தலக்குண்டு வத்தலக்குண்டு கொடைக்கானல் என்று
கூட்டத்தை உள்ளே தள்ளுவான்.

எனக்கும் இரண்டு முள்தானாம்.
மேலே ஒன்று, கீழே ஒன்று.
கூடினால் எதுவும் அலறாது.

பதினோரு வருடம் இதே தடம்.
ஒருநாள் விட்டு ஒருநாள் மலையில் நைட் ஹால்ட்.
காட்ரோடு தாண்டியதும் இரண்டாம் கியர்,
டம்டம் பாறையில் காது அடைக்கும்,
ஊத்து வரும்போது
பின்சீட்டுப் பிள்ளையின் சிப்ஸ் பாக்கெட்
நிறைமாசமாய் உப்பியிருக்கும்.
கண்ணாடியில் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

போன மாசியில், மேலே ஒரு முகாமில்
கையில் பட்டை சுற்றினார்கள்:
நூற்று அறுபத்திரண்டு, நூறு.
மறுநாள் கீழே, டெப்போ ஆஸ்பத்திரியில்:
நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு.
நர்ஸ் ஜெனோவா இரண்டு சீட்டையும்
மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தார்,
கணக்கு ஒத்துவராத கண்டக்டர் மாதிரி.

"மேல காத்து மெலிசு டிரைவர்.
ஒரு மூச்சுல வர்றது பத்தாதுன்னு
நெஞ்சு கூடுதலா இறைக்கும், குழாய் இறுகும்.
அங்கயே குடியிருக்கவங்களுக்கு உடம்பு கொஞ்சம் பழகிரும்.
நீங்க பழகுறதுக்குள்ள இறங்கிர்றீங்க.
இறங்கிப் பழகுறதுக்குள்ள ஏறிர்றீங்க."

குளிரும் இருக்கும், தூக்கம் கெட்டதும் இருக்கும்,
உப்புக்கண்டமும் இருக்கும் என்றார் பிறகு,
மலையை மட்டும் பழி சொல்ல மனசில்லாமல்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
"எதை எழுத? இதுல எது நீங்க?"

அப்போதுதான் நினைவு வந்தது.
தகர ஷெட்டில், இரண்டு கம்பளிக்குள், ஓர் இரவு
இஞ்சின் ஓடுவது கேட்டது.
அணைக்க மறந்தேனோ என்று
டார்ச்சோடு எழுந்து போனேன்.
பானெட் ஐஸாய்க் கிடந்தது.
திரும்பி வந்து படுத்தால்
தலையணைக்குள்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லவில்லை.
சொன்னால் பெரியார் – அவனியாபுரம் தடம் போடுவார்கள்.
அங்கே ஏறுவதற்கு
தெற்குவாசல் பாலம் ஒன்றுதான்.

"ரெண்டையும் எழுதுங்க."
"கட்டம் சின்னது டிரைவர்."
"நுணுக்கி எழுதுங்க."

எழுதினார். மாத்திரை அட்டை ஒன்றும் தந்தார்.
அடுத்த வாரம் மேலே போனதும்
மறக்காமல் பார்க்கச் சொன்னார், படுக்குமுன் ஒரு தடவை,
எழுந்ததும் ஒரு தடவை.

வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.
ராத்திரி முழுக்க நின்ற வண்டி,
காற்றெல்லாம் இறங்கிவிட்டிருந்தது.
பஸ்ஸர் அலறியது.
"மிதிண்ணே, காது கிழியுது" என்றான் காசிமாயன்.

சட்டைப்பையில் அட்டை நெருடியது.
இருடா என்றேன்.
அலறட்டும் கொஞ்சம்.